சாவி வைத்திருந்தவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

போன தவணை தரம் 9 பிள்ளைகளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். 1877இல் திறந்த கட்டடம். அதைக் கட்டிக்கொடுத்தவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டுக்கு முன்னால் நின்று, சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன என்று காட்டினேன். சிலர் பார்த்தார்கள். சிலர் போனைப் பார்த்தார்கள். வழமைதான்.

வெளியே வரும்போது ஒரு பிள்ளை அங்கிருந்த வாச்சரிடம் ஓடிப் போய், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டாள். "அங்கிள், ராவைக்கு இதெல்லாம் எழும்பி நடக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். 'நைட் அட் த மியூசியம்' படத்தைப் பார்த்திருக்கிறாள். 2006இல் வந்த படம். நியூயோர்க் நகரின் இயற்கை வரலாற்று நூதனசாலையில் ஒருவர் இரவுக் காவலுக்குச் சேர்கிறார். எகிப்திலிருந்து வந்த ஒரு தங்கப் பலகையின் சக்தியால் இரவானதும் அங்குள்ள எல்லாவற்றுக்கும் உயிர் வருகிறது. டைனோசர் எலும்புக்கூடு எழும்பி ஓடித் திரிகிறது. இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லோரும் எப்படியோ அதைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வாச்சர் வயதான மனிதர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "எழும்பி நடந்தா எனக்கு வேலை போயிடும் மகள். காலையில பார்த்தா எல்லாம் வச்ச இடத்திலேயே இருக்கணும். அதுதான் என்ட வேலை."

பஸ்ஸில் ஏறிய பிறகு அதே பிள்ளை என்னிடம் வந்தாள். "சேர், உண்மையா எங்கயாவது அப்படி நடந்திருக்கா?"

"ஓம். காபூல்ல நடந்திருக்கு" என்றேன்.

புத்தளம் வந்து சேரும்வரை அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

காபூல் நகரின் தென்மேற்கில் தாருல் அமான் என்ற பகுதியில் ஆப்கானிஸ்தான் தேசிய நூதனசாலை இருக்கிறது. 1931 முதல் அந்தக் கட்டடத்தில் இயங்குகிறது. ஒரு காலத்தில் அங்கே கிட்டத்தட்ட 100,000 பொருட்கள் இருந்தன. ஆப்கானிஸ்தான் என்றால் எங்களுக்கு யுத்தம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் சீனாவிலிருந்து ரோமுக்கும், இந்தியாவிலிருந்து மத்திய ஆசியாவுக்கும் போன வியாபாரப் பாதைகள் சந்தித்த நாடு அது. 1930களின் கடைசியில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் பக்ராமில் அடைத்துக் கிடந்த இரண்டு அறைகளைத் திறந்தார்கள். இந்தியத் தந்தச் சிற்பங்கள், ரோமக் கண்ணாடிப் பாத்திரங்கள், சீன அரக்குச் சாமான்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடந்தன. மூன்று உலகத்துச் சரக்கு, ஒரே இடத்தில்.

அதைவிடப் பெரியது 1978இல் வெளிப்பட்டது. வடக்கே ஷிபர்கான் நகருக்குப் பக்கத்தில் தில்யா தெப்பே என்ற மேடு. அந்தப் பெயருக்கே 'தங்க மேடு' என்றுதான் அர்த்தம். விக்டர் சரியானிடி என்ற சோவியத் தொல்லியலாளரின் குழு அங்கே 6 கல்லறைகளைத் தோண்டியது. 2,000 வருடங்களுக்கு முந்திய நாடோடிப் பிரபுக்களின் கல்லறைகள் அவை. 20,000க்கும் மேற்பட்ட தங்கப் பொருட்கள் கிடைத்தன. அதில் ஒரு பெண்ணின் கிரீடம் இருக்கிறது. கழற்றி மடித்து எடுத்துப் போகக்கூடிய மாதிரிச் செய்தது. ஓரிடத்தில் நிலைத்து இருக்க முடியாதவர்களின் கிரீடம்.

அது வெளியே வந்த நேரம் நல்ல நேரமல்ல. 1979 கடைசியில் சோவியத் படைகள் நாட்டுக்குள் வந்தன. 10 வருட யுத்தம். 1989 பெப்ரவரியில் கடைசிச் சிப்பாயும் வெளியேறியபோது, அடுத்தது உள்நாட்டுச் சண்டைதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நூதனசாலை நகரத்துக்கு வெளியே, சண்டை வரக்கூடிய பாதையில் இருந்தது.

அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் நஜிபுல்லாஹ். அவரது அரசின் சம்மதத்தோடு நூதனசாலை ஊழியர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஆகப் பெறுமதியான பொருட்களைப் பெட்டிகளில் அடைத்து, ஜனாதிபதி மாளிகையில் இருந்த மத்திய வங்கியின் நிலவறைக்குக் கொண்டு போனார்கள். இன்னும் சிலவற்றைத் தகவல், கலாசார அமைச்சின் கட்டடத்தில் வைத்தார்கள். பெட்டிகளைப் பூட்டினார்கள். விசயம் தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான். வெளியே வாய் திறப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒருவர் உமரா கான் மசூதி. பின்னர் அதே நூதனசாலையின் பணிப்பாளரானவர்.

அந்த நாட்டில் களஞ்சியச் சாவிக்குப் பொறுப்பானவரைத் தஹ்வீல்தார் என்று சொல்வார்கள். தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அவர்தான் ஆளாகப் பதில் சொல்லவேண்டும். எங்கள் மொழியில் சொன்னால், அமானிதம் சுமந்தவர்.

பயந்தது நடந்தது. 1993 மே மாதம் ஒரு ரொக்கெட் நூதனசாலையின் மேல்மாடியில் விழுந்து தீப்பிடித்தது. பிறகு கொள்ளை. இன்றைக்கு ஒரு குழு, நாளைக்கு இன்னொரு குழு என்று அந்தப் பகுதி கைமாறிக்கொண்டே இருந்தது. சுமார் 70 சதவீதமான பொருட்கள் போய்விட்டன. பல பொருட்கள் வெளிநாட்டுச் சந்தைகளில் விலைக்கு வந்தன.

ஊழியர்கள் அப்போதும் விட்டுப் போகவில்லை. எரிந்த மாடிக்குக் கீழே மிச்சம் கிடந்ததை எடுத்துப் பதிவு செய்தார்கள். 1996இல் எஞ்சியவற்றை நகரத்துக்குள் இருந்த காபூல் ஹோட்டலுக்கு மாற்றினார்கள். ஒழுங்கான சம்பளம் இல்லை. குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலவறையில் இருக்கும் தங்கத்தில் ஒரு காதணியை எடுத்து விற்றாலே வாழ்க்கை மாறியிருக்கும். யாரும் எடுக்கவில்லை.

பிறகு தலிபான்கள் வந்தார்கள். ஆரம்பத்தில் நூதனசாலைப் பொருட்களைப் பாதுகாப்போம் என்றுதான் சொன்னார்கள். 2001 ஆரம்பத்தில் உத்தரவு மாறியது. மார்ச் மாதம் பாமியானின் இரண்டு பெரிய புத்தர் சிலைகளையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 55 மீற்றர் உயரமானது ஒன்று, 38 மீற்றர் ஒன்று. அதே காலத்தில் நூதனசாலைக் களஞ்சியத்துக்குள் சம்மட்டியோடு ஆட்கள் போனார்கள். சுமார் 2,500 சிலைகள், சிற்பங்கள் உடைந்தன. பல வருடங்கள் அவற்றைப் பாதுகாத்த ஊழியர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

நிலவறைக்கு மட்டும் போக முடியவில்லை. அந்த வங்கியின் ஊழியர் ஒருவர் இரும்புக் கதவின் பூட்டுக்குள்ளேயே சாவியை உடைத்து விட்டுவிட்டார் என்று பின்னர் செய்திகளில் வந்தது. கதவு திறக்கவே இல்லை.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். உயிர் வந்தது எங்கே?

காபூலில் தேசிய ஓவியக் கூடம் ஒன்று இருக்கிறது. முஹம்மது யூசுப் ஆஸிஃபி என்பவர் வைத்தியர், ஓவியரும்கூட. மனிதர், மிருகம், பறவை உள்ள படங்கள் அழிக்கப்படும் என்று தெரிந்ததும், பழுதுபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் வேலை செய்தார். அங்கிருந்தவை எண்ணெய் வர்ணத்தில் வரைந்த ஓவியங்கள். அவற்றுக்கு மேல் நீர் வர்ணத்தைப் பூசினார். தெருவில் போகிற மனிதனுக்கு மேல் ஒரு மரம். குதிரைக்கு மேல் ஒரு புதர். ஆள் நின்ற வாசலில் வெறும் சுவர். சுமார் 80 ஓவியங்களில் இப்படிச் செய்தார். சோதிக்க வந்தவர்கள் பார்த்தார்கள். மலை, ஆறு, மரம். ஒரு ஜீவனும் இல்லை. போய்விட்டார்கள். பிடிபட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2001 கடைசியில் ஆட்சி மாறியது. அவர் ஒரு ஸ்பொஞ்சும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்து துடைத்தார். நீர் வர்ணம் கரைந்து வழிந்தது. எண்ணெய் வர்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்துக்குள்ளிருந்து மனிதன் வந்தான். புதருக்குள்ளிருந்து குதிரை வந்தது.

பஸ்ஸில் இந்த இடத்தைச் சொன்னபோது சத்தம் போட்டுக்கொண்டிருந்த பின் சீட்டுப் பையன்களும் அமைதியாகிவிட்டார்கள்.

நிலவறையின் கதை முடிய இன்னும் கொஞ்சம் காலம் எடுத்தது. 2003இல் ஜனாதிபதி கர்சாய், அந்தப் பெட்டிகள் பத்திரமாக இருக்கின்றன என்று அறிவித்தார். அதுவரைக்கும் உலகம் என்னென்னவோ பேசியது. ரஷ்யர்கள் கொண்டு போய்விட்டார்கள், உருக்கி விற்றுவிட்டார்கள், ஆயுதம் வாங்கிவிட்டார்கள் என்றெல்லாம். 2004இல் பெட்டிகளைத் திறந்தபோது சில சாவிகள் இல்லை. இரும்பை அறுத்துத்தான் திறந்தார்கள். தோண்டியெடுத்த சரியானிடியையும் அழைத்திருந்தார்கள். முன்பு தன் கையாலேயே கம்பி கட்டித் திருத்திய ஒரு சிறிய பொருளை அவர் அடையாளம் கண்டார். அது உண்மையான பொருள்தான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பிறகு ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மடிக்கிற கிரீடமும் இருந்தது. தில்யா தெப்பே தங்கம் இருந்தது.

கொழும்பு வாச்சர் சொன்னாரே, காலையில பார்த்தா எல்லாம் வச்ச இடத்திலேயே இருக்கணும் என்று. காபூலில் அந்த 'காலை' வருவதற்குக் கிட்டத்தட்ட 15 வருடங்கள் எடுத்தன.

உடைந்த சிலைகளும் முற்றாகப் போய்விடவில்லை. துண்டுகளை ஊழியர்கள் வீசவில்லை, பொறுக்கிச் சேர்த்து வைத்தார்கள். பிறகு வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து பலவற்றை ஒட்டவைத்தார்கள். உடைந்த கனிஷ்க மன்னனின் சிலை மறுபடியும் எழுந்து நிற்கிறது. 2021இல் தலிபான்கள் மறுபடி ஆட்சிக்கு வந்தார்கள். அதே வருடக் கடைசியில் நூதனசாலை மறுபடி திறந்தது. இம்முறை வாசலில் காவல் நின்றவர்கள் தலிபான் வீரர்கள். சரித்திரம் இப்படியும் திரும்புகிறது.

ஒரு விசயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். 2001 மார்ச்சில் நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. பாமியான் செய்தி வந்த அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர் என்னிடம் கோபமில்லாமல்தான் கேட்டார். "ஏன் மகன் உங்கட ஆக்கள் அப்படிச் செஞ்ச?" எனக்குப் பதில் வரவில்லை. பௌத்தர்களோடு பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பாரம் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்று கேட்டால் சொல்வேன். பாமியானைச் சுற்றி முஸ்லிம்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். அந்தச் சிலைகள் அவ்வளவு காலமும் நின்றன. அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) எகிப்துக்குள் போன பிறகும் பிர்அவ்ன்களின் காலத்துச் சிலைகள் அங்கேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. 2001இலும் உலக முஸ்லிம் அறிஞர்கள் கந்தஹாருக்கே போய் வேண்டாம் என்று சொன்னார்கள். எகிப்தின் முப்தியும் அதில் இருந்தார். கேட்கவில்லை. சம்மட்டி தூக்கியவர்கள் முஸ்லிம்கள்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் பெட்டியைப் பூட்டி வாய் மூடி இருந்தவர்களும் முஸ்லிம்கள். புத்தரின் சிலைத் துண்டுகளைப் பொறுக்கி வைத்தவர்களும் முஸ்லிம்கள். தாங்கள் வணங்காத ஒன்றைத் தங்கள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார்கள். ஏனென்றால் அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி சூரா அந்நிஸாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அதில் எங்களுக்குப் பிடித்த அமானிதம், பிடிக்காத அமானிதம் என்று பிரிக்கவில்லை.

இனி எங்கட ஊர்க் கதை.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணம். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அந்த நாள் நான் சொல்லாமலே தெரியும். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். நான் சின்னப் பையன். வாப்பா தையல்காரர். சோனகத் தெருவிலிருந்து வெளிக்கிடும்போது வாப்பா வீட்டைப் பூட்டினார். சாவியை இடுப்புப் பட்டியில் முடிந்துகொண்டார். உடுப்புப் பைக்குள் ஒரு கொப்பியையும் போட்டார். அவருடைய அளவுக் கொப்பி. கடைக்கு வந்தவர்களின் பெயர், அவர்களுக்குப் பக்கத்தில் தோள், கை, இடுப்பு, நீளம். உம்மா ஏசினார். "திண்ணச் சாமான் இல்ல, உங்களுக்குக் கொப்பி!" வாப்பா சொன்னார், "திரும்பி வந்தா ஆக்கள்ட அளவு வேணுமே."

ஒரு மாதத்தில் திரும்பலாம் என்று நினைத்தார். புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில், அந்தக் கொப்பி பெட்டிக்கு அடியில் வருடக் கணக்காக இருந்தது. வாப்பா மவுத்தான பிறகு கல்வீடு கட்ட இடம் துப்புரவாக்கினோம். பழைய பேப்பர்களோடு சேர்த்து அந்தக் கொப்பியையும் கிலோக் கணக்கில் கடலைக்காரருக்குப் போட்டேன். நான்தான் போட்டேன். சரித்திரம் படிப்பிக்கிற வாத்தியார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் என் மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனேன். சுவர் நின்றது. கூரை இல்லை, கதவு இல்லை. சாவி மட்டும் என் கையில். "வாப்பா, இந்த ரோட்டுல யாரெல்லாம் இருந்த?" என்று மகள் கேட்டாள். நாலைந்து பெயர் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அந்தக் கொப்பியில் எத்தனையோ பெயர்கள் இருந்தன. முஸ்லிம் பெயர்கள், தமிழ்ப் பெயர்கள், எல்லாம் கலந்து. ஒரு தெருவே தன் தோள் அளவோடும் கை அளவோடும் அதற்குள் இருந்தது. யார் யாரோடு வாழ்ந்தோம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எங்களிடம் இருந்திருக்காது. அது கடலைச் சுருளாகப் போய்விட்டது. யார் கையிலிருந்து எந்தக் குப்பையில் விழுந்ததோ.

காபூலில் பட்டினியிலும் சாவியை விடாத மனிதர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். என்னிடம் யாரும் சம்மட்டியோடு வரவில்லை. வீடு கட்டும் அவசரம் மட்டும்தான் வந்தது.

இப்போது வீட்டுக்கு வீடு அதுதான் நடக்கிறது. பெரியவர் ஒருவர் மவுத்தாகிறார். நாற்பது முடிகிறது. அறையைத் துப்புரவாக்குகிறோம். அரபுத் தமிழில் எழுதிய கிதாபு வாசிக்கத் தெரியாது என்று மண்ணில் புதைக்கிறோம், அல்லது கிணற்றில் போடுகிறோம். பழைய உறுதி, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, அகதி முகாமின் பங்கீட்டு அட்டை, கல்யாணப் பதிவு, குழுப் படம் எல்லாம் கறையான் தின்றது என்று எரிக்கிறோம். 1990ஐ நேரில் கண்டு, விபரம் தெரிந்த வயதில் இருந்தவர்கள் இப்போது எங்களிடையே குறைந்துகொண்டே போகிறார்கள். இன்னும் 20 வருடத்தில் ஒரு பிள்ளை கேட்டால், நாங்கள் வடக்கில் வாழ்ந்தோம் என்பதற்கு எதைக் காட்டப்போகிறோம்?

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்.

வீட்டில் இருக்கும் எந்தப் பழைய கடதாசியையும், கிதாபையும், படத்தையும் எரிக்கவோ எடைக்குப் போடவோ முதல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். நானும் உயர்தரப் பிள்ளைகள் சிலரும் வீட்டுக்கே வருவோம். உங்களுக்கு முன்னால் போனில் படம் எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவோம். பொருளை நாங்கள் வாங்கி வைக்கமாட்டோம். அது உங்கள் அமானிதம், உங்களிடமே இருக்கட்டும். உறுதி போன்ற ஆவணங்களை உங்கள் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்டமாட்டோம். படம் என்றால் பின்பக்கத்தில் பென்சிலால் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். வீட்டில் உம்மும்மா, மூத்தவாப்பா இருந்தால் தெருவில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு 10 நிமிசம் போதும்.

பஸ்ஸில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை அடுத்த திங்கட்கிழமை ஒரு பொலித்தீன் பையோடு வந்தாள். உள்ளே அவளுடைய மூத்தம்மாவின் பழைய குடும்ப அட்டை. மடிப்பில் மடிப்பில் கிழிந்திருந்தது. "சேர், இது பெறுமதியா?" என்று கேட்டாள்.

படம் எடுத்தேன். இதுவரைக்கும் சேர்ந்தது அந்த ஒன்றுதான். இரண்டாவது யாருடைய வீட்டில் இருக்கிறது?

வாப்பாவின் சாவி இன்னும் என் மேசை லாச்சியில் இருக்கிறது. திறக்கக் கதவு இல்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன்.